முதியோர் இல்லமா? கேட்டுச் சேருங்கள்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், எத்தனை படி கறக்கும் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது மட்டும் ஏன் வாய்மூடி நிற்கிறோம்? வெட்கம்தான் காரணம். ஊரார் ஏசுவார்களே என்று அஞ்சி, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிடுகிறோம்.

'முதியோர் இல்லமே கூடாது' என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவது எளிது. ஆனால் நமது தவளக்குப்பத்திலும் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போகத்தான் செய்கிறார்கள். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நாளை எனக்கு வேலை கிடைக்கும் ஊர் என் பெற்றோரின் ஊராக இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

எங்கள் தெரு மூதாட்டி ஒருவரை முன்பணம் கட்டி ஓர் இல்லத்தில் சேர்த்தனர். எட்டாம் மாதம் அவர் படுத்த படுக்கையானார். 'நடமாடுபவர்களுக்கே இங்கு இடம்' என்று திருப்பி அனுப்பிவிட்டனர். முன்பணமும் வரவில்லை. சேர்த்த அன்று இவ்விரண்டையும் கேட்டவர் எவருமில்லை.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்து இல்லம் ஒன்றைப் பற்றிப் புகார் எழுந்ததும் அதிகாரிகள் ஆய்வு செய்தனர்; அங்கிருந்த முதியோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். புகார் வந்தபின் ஆராய்வது அரசின் கடமை. முன்பே கேட்பது நமது கடமையன்றோ?

என்னென்ன கேட்க வேண்டும்? இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா, சான்றிதழ் எந்த ஆண்டு வரை செல்லும்? இரவில் எத்தனை முதியோருக்கு ஓர் ஆள் விழித்திருப்பார்? மருத்துவர் எப்போதெல்லாம் வருவார்? நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஜிப்மருக்கு யார், எந்த வண்டியில் கொண்டுபோவார்? சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சமையல் உண்டா? மாதக் கட்டணத்தில் எவை அடங்கும்? இடையில் விலகினாலோ, இறந்தாலோ முன்பணம் திரும்புமா? படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பார்களா? பதில்களை எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு, சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே விடத் தயங்கினால் அதுவே பதில்!

இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. 'அம்மா, உனக்குச் சம்மதமா?' என்பதே அது.

இங்கிலாந்தில் அரசு அமைப்பே இல்லங்களை ஆய்ந்து, அறிக்கையை எவரும் படிக்குமாறு வெளியிடுகிறது. அதுபோல் இங்கும் வெளியிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் போதும், குடும்பம் ஏமாறாது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், ஏழை முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் அரசு 'அமைக்கலாம்' என்கிறது. அந்த 'லாம்' 'வேண்டும்' என்று மாறவேண்டும் என்பது என் கருத்து. பணமுள்ளவர் தேர்ந்தெடுக்கலாம், இல்லாதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

நண்பர்களே! முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். சேர்ப்பதில் இழிவில்லை, கேளாமல் சேர்ப்பதும், சேர்த்தபின் எட்டிப் பாராதிருப்பதுமே இழிவு.