புயலின் தலையில் போட்ட பழி

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீடுகள் மூழ்கியதற்குப் புயலே காரணம், அதை யாரால் தடுக்க முடியும் என்று கேட்கும் நண்பரின் வாதத்தில் ஒரு சௌகரியம் உண்டு: காற்றைக் கூண்டில் ஏற்ற முடியாதாகையால் விசாரணையும் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் சரித்திரம் அவருக்கு அனுகூலமாயில்லை. 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தருகே கரையேறிய மாண்டஸ் புயல் அவ்வூரை மூழ்கடிக்கவில்லை; மறு வருஷம் ஆந்திரத்துப் பாபட்லாவில் கரையேறிய மிக்ஜாமோ அங்கே படகு விட வைத்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி முடிச்சூர் மூழ்கிய 2015 டிசம்பரிலோ புயலே கிடையாது.

மிக்ஜாம் கரையோரம் தயங்கி நின்று பெய்தது என்பார், மெய்தான். பெய்த நீர் எவ்வழி போயிற்று என்பதல்லவா கேள்வி? ஆதனூர் ஏரியின் கலங்கல் தாண்டி அடையாற்றில் சேரும் உபரி நீர் முடிச்சூரைக் கடந்தே கடலை அடைய வேண்டியிருக்க, அத்தாழ்நிலத்தைச் சித்திரை வெயிலில் கல் நட்டு மனைகளாக்கி விற்றபோது, பத்திரம் பதிந்து, மின் இணைப்பும் கொடுத்து, வீட்டு வரியையும் தவறாமல் வசூலித்தது புயலா?

தெரிந்துதானே வாங்கினார்கள் என்பது அவருடைய கடைசி அஸ்திரம். வாங்கியவர் கண்டது காய்ந்த புழுதியும் வெள்ளையடித்த எல்லைக்கல்லும். வெள்ள மட்டத்தை அறிந்திருக்க வேண்டியது சர்க்கார். கலங்கல் முதல் ஆறு வரையிலான வாய்க்கால் நிலம் இன்று யார் யார் பேரில் பட்டாவாகியிருக்கிறதென்று நண்பர் கேட்டு வாங்கிப் பிரசுரிக்கட்டும். புயலைப் பற்றி அப்புறம் பேசலாம்.