சிறு நடுக்கம் சொல்லும் செய்தி



2025 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17 ஆம் நாள். விடியற்காலை 5 மணி 36 நிமிடம். தில்லி மாநகரம் உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தது. கட்டில்கள் ஆடின, சாளரக் கண்ணாடிகள் அதிர்ந்தன, நிலத்தின் அடியிலிருந்து பேரிரைச்சல் எழுந்ததாகப் பலரும் கூறினர். சில நொடிகளில் அனைத்தும் அடங்கின. நடுக்கத்தின் அளவு 4.0 என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. தௌலா குவான் பகுதியில், 5 கிலோமீட்டர் ஆழத்தில் அது தோன்றியது. உயிரிழப்பு இல்லை, பெருஞ்சேதமும் இல்லை.

இத்தகைய சிறு நடுக்கத்திற்குப் பின் மூவகைப் பேச்சுகள் எழுவது வழக்கம். "இதெல்லாம் ஒரு நிலநடுக்கமா?" என்று நகைப்போர் ஒரு சாரார். "இன்று இரவுக்குள் பெரியது வரப்போகிறது" என்று கைப்பேசியில் செய்தி பரப்புவோர் மற்றொரு சாரார். "சிறியது வந்துவிட்டது; பூமியின் இறுக்கம் தணிந்துவிட்டது; இனிப் பெரியது வராது" என்று ஆறுதல் கொள்வோர் மூன்றாம் சாரார். இம்மூன்றுமே பிழையானவை என்பது என் கருத்து. சிறு நடுக்கம் நகைப்பதற்கும் உரியதன்று. அஞ்சி ஒடுங்குவதற்கும் உரியதன்று. நாம் வாழும் நிலத்தை அறிந்துகொள்ளவும், நம் வீட்டைச் சீர்செய்துகொள்ளவும் கிடைத்த நல்வாய்ப்பு அது.

முதலில் காரணத்தை அறிவோம். இந்தியா அமைந்துள்ள நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து, யூரேசியத் தட்டின்மீது மோதிக்கொண்டிருக்கிறது. அம்மோதலால் உயர்ந்ததே இமயமலை. அதன் அடிவாரம் தில்லியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மோதலின் அழுத்தம் பாறைகளில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. பாறை தாங்கும் எல்லையைக் கடந்ததும் பழைய பிளவு ஒன்றின் வழியே சட்டென நழுவுகிறது. அந்நழுவலே நிலநடுக்கம். தில்லியின் அடியிலும் அத்தகைய பழம்பிளவுகள் உள்ளன.

அளவில் சிறிய நடுக்கம் அன்று ஏன் அவ்வளவு கடுமையாக உணரப்பட்டது? அது தோன்றிய இடம் நகரத்தின் நேர் அடியில், மிகக் குறைந்த ஆழத்தில் இருந்தது. அதிர்வலைகள் வலுவிழக்குமுன் மேற்பரப்பை அடைந்தன. அவற்றின் விரைவான அதிர்வு காற்றையும் அதிரச் செய்ததால் ஓசை கேட்டது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் பெரும் நடுக்கம் ஏற்பட்டபோதும் தில்லி ஆடியது. ஆனால், தொலைவிலிருந்து வந்த அந்த ஆட்டம் ஊஞ்சல் போல மெதுவாக இருந்தது. ஆகவே, நம் உடல் உணர்ந்த கடுமையைக் கொண்டு நடுக்கத்தின் ஆற்றலை அளந்துவிட இயலாது.

இனி, "இறுக்கம் தணிந்தது" என்னும் ஆறுதலை ஆராய்வோம். நிலநடுக்க அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 4 அளவுக்கும் 7 அளவுக்கும் இடையே மூன்று எண்களே வேறுபாடு. ஆனால் 32-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், முப்பதாயிரத்தைத் தாண்டும். 7 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலை வெளியேற்ற, 4 அளவுள்ள நடுக்கங்கள் முப்பதாயிரத்திற்கும் மேல் தேவை. ஒரு குவளை நீரை மொண்டுவிட்டு ஏரி வற்றிவிட்டது என்று சொல்லலாமா?

அச்சம் பரப்புவோருக்கும் விடை உண்டு. இன்ன நாளில், இன்ன பொழுதில், இன்ன இடத்தில் நடுக்கம் வரும் என்று முன்னறிந்து கூறும் முறை இதுவரை உலகில் எங்கும் இல்லை. ஆகவே நாளும் நேரமும் குறித்து வரும் எச்சரிக்கை எதுவாயினும் அது வதந்தியே. அதனைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்துவது, படித்த பிள்ளைகளாகிய உங்கள் கடமை.

நகைப்போருக்கு விடை குதுப்மினாரில் இருக்கிறது. 1803 ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியில் எழுந்த பெருநடுக்கத்தில் அதன் உச்சியிலிருந்த சிறு மண்டபம் சரிந்து விழுந்தது. பின்னர் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் வேறொரு மண்டபம் அமைத்தார். கோபுரத்திற்குப் பொருந்தவில்லை என்று அதுவும் 1848 இல் இறக்கப்பட்டது. இன்றும் அது அவ்வளாகத்தின் புல்வெளியில் நிற்கிறது. சுற்றுலா செல்லும்போது அதைத் தேடிப் பாருங்கள். எங்கோ மலையில் எழும் நடுக்கம் தில்லியையும் தொடும் என்பதற்கு அதன் கதையே சான்று.

ஒரே நகரத்திலும் எல்லா இடமும் ஒரே வகையாக ஆடுவதில்லை. ஆரவல்லி மலைத்தொடரின் பாறைத் திட்டுகள் தில்லியில் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. பாறையின்மேல் அமைந்த இடங்கள் குறைவாக ஆடும். யமுனை கொணர்ந்து நிரப்பிய வண்டல்மீது எழுந்த குடியிருப்புகளில் அதிர்வு பெருகும். தாம்பாளத்தில் வைத்த கல்லையும், கிண்ணத்தில் வைத்த தயிரையும் ஒருசேர அசைத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

மண்ணைவிடவும் முதன்மையானது கட்டடம். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராட்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நடுக்கத்தின் அளவு 6.2 தான். ஆயினும் மண்சாந்தில் அடுக்கிய கனமான கற்சுவர்கள் உறங்கியோர்மீது சரிந்தமையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2001 சனவரி 26 அன்று குசராத்தின் கச்சுப் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் இடிந்தன. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டும் நிறுத்திய கட்டடங்கள் அவற்றுள் பல. நிலநடுக்கம் நேரே கொல்வது அரிது. பிழைபடக் கட்டிய சுவரே கொல்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழும். "நாம் வாடகை வீட்டில் வாழ்பவர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பணிமாறுதல் வந்துவிடும். இவ்வூர் நிலத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" உங்கள் பெற்றோரைப் போலவே பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்களுள் நானும் ஒருத்தி. அந்த எண்ணம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிவேன். எனினும் அதனை ஏற்க இயலவில்லை. நிலம் நடுங்கும்போது வீட்டு உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. ஊர் திரும்பிவிட்டால் கவலையில்லை என்பதும் முழு உண்மையன்று. 2002 இல் திருத்திய நில அதிர்வு மண்டல வரைபடம் தில்லியை நான்காம் மண்டலத்தில் காட்டியது. அதுவரை இரண்டாம் மண்டலத்திலிருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்ற ஆழிப்பேரலைக்குக் காரணம், சுமத்திராவின் அருகே கடலடியில் நிகழ்ந்த நடுக்கமே.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். வாழும் நிலத்தை அறிந்தே வாழ்வைப் பேசிய மொழி நம்முடையது. அம்மொழியைப் படிக்கும் பிள்ளைகள், தாம் காலூன்றி நிற்கும் நிலத்தை அறியாமல் இருப்பது தகுமா? ஓராண்டு வாழ்ந்தாலும் அது நம் நிலமே.

ஆதலின் இன்று மாலை வீட்டில் மூன்று செயல்களைச் செய்யுங்கள். முதலாவது: கட்டிலுக்கு அருகில் உயரமான அலமாரி உள்ளதா, பரணில் கனமான பெட்டிகள் உள்ளனவா என்று பாருங்கள். அலமாரியைச் சுவரோடு பிணைக்கவும், கனமான பொருள்களைக் கீழே இறக்கவும் பெற்றோரிடம் சொல்லுங்கள். இரண்டாவது: நடுக்கத்தின்போது செய்ய வேண்டியதை வீட்டார் அனைவரும் ஒருமுறை பழகுங்கள். படிக்கட்டுக்கு ஓடக் கூடாது. மின்தூக்கியில் ஏறக் கூடாது. உறுதியான மேசையின் கீழ்க் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். படுக்கையில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்றபின் எரிவாயு உருளையை மூடிவிட்டு, படிவழியே இறங்கித் திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும். தாத்தா பாட்டி உடனிருந்தால் அவர்களை யார் அழைத்து வருவது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். மூன்றாவது: "இக்கட்டடம் நில அதிர்வைத் தாங்குமாறு கட்டப்பட்டதா?" என்று வீட்டு உரிமையாளரிடம் பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா என்று கேட்கும் நாம் இதை மட்டும் கேட்பதில்லை. பலரும் கேட்கத் தொடங்கினால்தான் கட்டுவோர் கருத்தூன்றிக் கட்டுவர்.

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது நம் மரபு. அந்நிலமும் ஒருநாள் அசையும். எப்போது அசையும் என்பது நம் கையில் இல்லை. அசையும்போது நம்மீது எது விழும், எது விழாது என்பது பெரிதும் நம் கையில் உள்ளது.