"அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா": இதுக்குப் பேர் ட்யூட்டி ரோஸ்டரா?

ராத்திரி 9.40. என் தங்கச்சி போன்ல ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். "நாளைக்கு நைட் வேணாம், மார்னிங் வந்துடும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மார்னிங் ட்யூட்டின்னா காலை 7 மணிக்கு வார்டுல நிக்கணும். எங்க வீடு உசிலம்பட்டி பக்கம். ஆஸ்பத்திரி மதுரையில. ஆரப்பாளையத்துல இறங்கி இன்னொரு பஸ் மாறணும். அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பியாகணும். நைட் ட்யூட்டிக்காக மத்தியானம் தூங்கி எழுந்த பொண்ணுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? விடிய விடிய முழிச்சிருந்துட்டு அப்படியே கிளம்பிப் போனா.

பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம் படிச்சவ. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. போர்டுல ஒட்டின ரோஸ்டர் ஒட்டினபடியே நடந்த வாரம் ஒண்ணுகூட இல்ல. அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு முன்கூட்டியே சொல்லி வாங்கின வீக் ஆஃபை அன்னைக்குக் காலையில போன் பண்ணி ரத்து பண்ணாங்க. அவ என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "வேலை கஷ்டமில்லண்ணே. எப்ப வேலைன்னு தெரியாததுதான் கஷ்டம்."

இது எங்க வீட்டுக் கதை மட்டும்னு நினைக்காதீங்க. உங்க தெருவுல ஒரு புது ஸ்டாஃப் நர்ஸ் இருந்தா கேட்டுப் பாருங்க.

இதைச் சொன்னதும் சிலர் கிளம்பி வருவாங்க. "ஆஸ்பத்திரின்னா எமர்ஜென்சி இருக்கத்தான் செய்யும். இது சேவைத் தொழில்."

சரி, பேசுவோம். பஸ் விபத்து எமர்ஜென்சி. வெள்ளம் எமர்ஜென்சி. கொரோனா எமர்ஜென்சி. அப்போ எந்த நர்ஸ் வரமாட்டேன்னு சொன்னாங்க? 2020 மார்ச் 22-ல நாமெல்லாம் வாசல்ல நின்னு கைதட்டினப்போ, அவங்க வார்டுக்குள்ளதான் நின்னாங்க. ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே ஒருத்தங்க எழுதிக் கொடுத்த லீவு எப்படிங்க எமர்ஜென்சி ஆகும்? ஒருத்தங்களுக்குக் காய்ச்சல் வர்றதும், ஒருத்தங்க பிரசவத்துக்குப் போறதும் எந்த நிர்வாகத்துக்கும் தெரியாத அதிசயமா?

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்களுக்குப் புரியுற மாதிரியே சொல்றேன். ஸ்டெப்னி இல்லாம வண்டியை ரோட்டுக்கு எடுக்கிறது முதலாளி. டயர் பஞ்சரானா இறங்கித் தள்ள வேண்டியது மட்டும் தொழிலாளி. அதுதான் இங்க நடக்குது.

அந்த ஸ்டெப்னிக்குக் கணக்கு ஏற்கனவே இருக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறைப்படி, பொது வார்டுல போதனா மருத்துவமனைன்னா 3 நோயாளிக்கு 1 செவிலியர், மற்ற மருத்துவமனைன்னா 5 நோயாளிக்கு 1. அதுக்கு மேல, லீவுல போறவங்க இடத்தை நிரப்ப 30 சதவீதம் கூடுதல் ஆட்கள். அதாவது வேலைக்கு 10 பேர் வேணும்னா, எடுக்க வேண்டியது 13 பேரை. 13 பேர் தேவைப்படுற இடத்துல 8 பேரை வெச்சு ஓட்டினா, ஒருத்தங்களோட காய்ச்சல் இன்னொருத்தங்களுக்குத் தண்டனையாகத்தான் வந்து சேரும். மிச்சமாகிற அஞ்சு பேர் சம்பளம் யார் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு நான் சொல்லணுமா?

அடிபடுறது நர்ஸ் மட்டும் இல்ல. ஈவினிங் ட்யூட்டி முடிச்சு ராத்திரி 9 மணிக்குக் கிளம்பினவங்களை மறுநாள் காலை 7 மணிக்கு வரச் சொன்னா, நடுவுல இருக்கிறது 10 மணி நேரம். போக வர பஸ்ஸையும் கழிச்சுப் பாருங்க, தூங்க என்ன மிஞ்சும்? அந்தக் கண்ணோடதான் உங்க அம்மாவுக்கு இன்சுலின் அளவைப் பார்க்கணும். உங்க குழந்தைக்கு டிரிப்ஸ் வேகத்தை வைக்கணும்.

உலகத்துல யாரும் யோசிக்காத கோரிக்கையும் இல்ல இது. 1977-லயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்காக 149-ம் உடன்படிக்கையையும் 157-ம் பரிந்துரையையும் கொண்டு வந்தது. அந்தப் பரிந்துரை சொல்றது: செவிலியர்கள் தங்களோட சொந்த வாழ்க்கையையும் குடும்பத்தையும் திட்டமிட்டுக்கிற அளவுக்கு வேலை அட்டவணையை முன்கூட்டியே சொல்லணும். சிறப்பு அவசரம்னா மட்டும்தான் மாத்தலாம். ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல தொடர்ச்சியா 12 மணி நேரமாவது ஓய்வு வேணும். இந்தியா அந்த உடன்படிக்கைக்கு இன்னும் ஒப்புதல் தரல.

2016 ஜனவரியில தனியார் மருத்துவமனைச் செவிலியர் நிலைமையை ஆராயச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதன்படி அமைந்த நிபுணர் குழு என்ன சொன்னது? 200 படுக்கைக்கு மேல உள்ள மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் தரணும். மிகச் சிறிய மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வேலை நேரமும் விடுப்பும் போக்குவரத்து வசதியும் அரசு செவிலியருக்கு இணையா இருக்கணும். பக்கத்துல கேரளாவுல 2017-ல செவிலியர்கள் வீதிக்கு வந்தாங்க. 2018-ல குறைந்தபட்சக் கூலி அரசாணையே வந்தது. இங்க? மே 12 வந்தா கேக் வெட்டி, ரோஜாப்பூ கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிடுறோம்.

அரசாங்கமும் யோக்கியம் பேச முடியாது. 2015-ல தேர்வு வாரியம் மூலமா எடுத்த செவிலியர்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தவங்கதானே! 2017 நவம்பர்ல அவங்க சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல போராடிய பிறகுதான் ஊருக்கே அந்தக் கணக்கு தெரிஞ்சது.

இப்போ, இதைப் படிக்கிற புது நர்ஸ் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் நாலு வார்த்தை.

👉 ரோஸ்டர் ஒட்டின அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

👉 போன்ல மாத்தச் சொன்னா, மெசேஜ்ல உறுதி பண்ணுங்க: "சரிங்க சிஸ்டர், நாளை நைட்டுக்குப் பதிலா மார்னிங் வர்றேன். இதுக்கு காம்ப் ஆஃப் என்னைக்கு?" மரியாதையாவும் இருக்கும், ஆதாரமாவும் இருக்கும்.

👉 ஓய்வே இல்லாம கூப்பிட்டா, "தூங்கல, மருந்து கொடுக்கிற வேலை, நோயாளிக்கு ஆபத்து"ன்னு எழுத்துல சொல்லுங்க.

👉 என்ன கோபம் இருந்தாலும் ஹேண்டிங் ஓவர் கொடுக்காம வார்டை விட்டு இறங்காதீங்க. நம்ம சண்டை நிர்வாகத்தோட. பெட்ல படுத்திருக்கிறவங்களோட இல்ல.

👉 தனியா போய்க் கேட்காதீங்க. தனியா கேட்டா "திமிரு"ம்பாங்க. பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அது கோரிக்கை மனு.

நாம அரசிடம் கேட்கிறது இவ்வளவுதான்:

1. ரெண்டு வாரம் முன்னாடியே எழுத்துல ட்யூட்டி ரோஸ்டர்.
2. கடைசி நேரத்துல மாத்தினா கூடுதல் ஊதியம், மாற்று விடுப்பு.
3. ஷிஃப்டுகளுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு.
4. 30 சதவீதக் கூடுதல் ஆட்கள் இருக்காங்களான்னு பார்த்த பிறகே மருத்துவமனைப் பதிவு. பதிவு செய்யச் சொல்லும் 1997-ம் வருஷச் சட்டம் தமிழ்நாட்டுல ஏற்கனவே இருக்கு.

முடியாதுன்னு சொல்லாதீங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-ல சட்டம் திருத்தின மாநிலம் இது. காலுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிஞ்ச சட்டமன்றத்துக்கு, கண்ணுக்குத் தூக்கம் கொடுக்கத் தெரியாதா?

தோழர்களே, லைக் போட்டுட்டுக் கடந்து போயிடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு செவிலியருக்கு இதை அனுப்புங்க. கடைசியா எப்போ ரோஸ்டர்படி வேலை நடந்ததுன்னு கேளுங்க. ஆஸ்பத்திரி பேரும் ஆள் பேரும் இல்லாம அந்தப் பதிலை மட்டும் கமெண்ட்ல போடுங்க. எல்லாத்தையும் தொகுத்து, மனுவோட சேர்த்து நாம கொண்டு போவோம்.

நாளைக்கு எப்போ வேலைன்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கிறது சலுகை இல்ல. உரிமை.

#ரோஸ்டர்_எங்கள்_உரிமை
#செவிலியருக்கும்_தூக்கம்_வேண்டும்