வட்டார வேட்பாளரும் வளவுக் கிணறும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினேழு உள்ளூராட்சி மன்றங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று. இவற்றின் வட்டாரங்களிலே வாக்குக் கேட்டு நின்றோர் மேடையிற் பேசியவற்றை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை பாராளுமன்றத்துக்கோ ஜெனீவாவுக்கோ உரியனவாக இருந்தனவேயன்றிப் பிரதேச சபைக்கு உரியனவாக இருக்கவில்லை. ஒரு சாரார் தேசியத்தைக் காக்கச் சபையைத் தாருங்கள் என்றனர். மறுசாரார் கொழும்பிலே ஆளுங் கட்சியிடம் சபையும் இருந்தால் நிதி தடையின்றி வரும் என்றனர். இரண்டும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தன. ஆனால் வாக்காளன் தன் வளவுக் கிணற்றிலே வாளியை விட்டபோது வந்த நீரைப் பற்றி இவ்விரு சாராரும் கூறியது மிகச் சொற்பம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உள்ளூராட்சி வேட்பாளர் ஒருவரின் முதலாவது கொள்கை நிலத்தடி நீராகவே இருத்தல் வேண்டும் என்பதும், வீதி, தெருவிளக்கு, சந்தைக் கட்டடம், விளையாட்டு மைதானம் யாவும் அதன் பின்னரே வரத்தக்கன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை மிகைப்படக் கூறுவதாகக் கருதுவோர் தாம் நிற்கும் நிலத்தின் இயல்பை ஒருகணம் சிந்தித்தல் நன்று.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. வழுக்கையாறு மாரியிலே ஓடிக் கோடையிலே வற்றிவிடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே, ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே நமது முதல். அம்மழையிற் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கும் பகுதி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. உவர்நீரிலும் நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓரடிக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது உவரைத் தாழ்த்தி வைத்திருக்கும். இக்கணக்கின் மறுபுறமே அச்சந் தருவது: மேலே ஓரடி நிரந்தரமாகக் குறையுமாயின், கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும். கிணறு வற்றுவதற்கு நெடுநாள் முன்னரே உவராகிவிடும்.

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது அக்காவல் நீங்கியது. எழுபதுகளின் முற்பகுதியிலே வெங்காயம், மிளகாய் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டமையால் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. அச்செழிப்பிலே படித்துப் பட்டம் பெற்றோர் நம்மிடையே பலர். அதற்கான விலையைக் கிணறு கொடுத்தது. தோட்டத்திலிட்ட இரசாயனப் பசளையும் வளவிலே வெட்டிய மலக்குழியின் கசிவும் அதே சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக அதே நீருக்கே சென்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டினர். கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும் என்பது வைத்தியம் கற்கும் மாணவர் அறிந்ததே. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி இது. தேர்தல் விஞ்ஞாபனங்களை இது இன்னும் எட்டவில்லை.

நீரின் நிலை செய்தியாக வேண்டுமாயின் அதிலே எண்ணெய் மிதக்க வேண்டியிருந்தது. சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளிலே எண்ணெய் கலந்தமை வெளிப்பட்டு, 2015இன் தொடக்கத்திலே மக்கள் வீதிக்கிறங்கினர். 2019 ஏப்ரில் 4இல் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி செய்த நொதேர்ண் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தாக்கல் செய்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியலாளர் ஒருவர். அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும், நமது மண்ணையும் நீரையும் பற்றி மேடைதோறும் முழங்குவோர் நிறைந்த நாட்டிலே, அந்நீருக்காக உயர் நீதிமன்றப் படியேறியவர் அவ்வாறான ஒருவராயிருந்தமை நமக்கு வெட்கந் தரவேண்டியதொன்று.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, ‘சபைக்கு அதிகாரமில்லை’ என்பதாகும். இவ்விடையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. வட மாகாண சபை 2013 செப்டெம்பரிலே தெரிவாகி 2018 ஒக்டோபரிற் காலாவதியானது. உள்ளூராட்சி மன்றங்களின் கதையோ இன்னும் அவலமானது: 1983 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் 1998 வரை இங்கு தேர்தலே இல்லை; 1998இலே தெரிவான மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவர்பின் வந்த பொன். சிவபாலனும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். 2023 மார்ச்சு 9இல் நடைபெறவேண்டிய தேர்தலை நிதியில்லை என்று அரசு நிறுத்தியது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டிலே உயர் நீதிமன்றமே கூறியது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் செம்மண் நிலத்திற் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டு வந்ததால், அந்நிலத்துக் கிணறும் அரசியற் பிரச்சினையே. ஆகவே உரிமைப் பேச்சு வீண் என்று நான் வாதிடவில்லை. இல்லாத அதிகாரத்தைக் காட்டி இருக்கும் அதிகாரத்தை மறைப்பதையே கண்டிக்கின்றேன்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், வீதிகளையும் சபையின் பொறுப்பிலே விட்டுள்ளது. வீடு கட்டும் வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது சபை. மலக்குழி எங்கே அமையும், அயல்வளவுக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமையும் என்பதை அவ்வொப்புதலின்போது பார்க்கவேண்டியதும் சபையே. மலக்கழிவகற்றும் பவுசரை அனுப்புவதும் சபை. அது நிரம்பியபின் எங்கே கொட்டப்படுகின்றது என்று கேட்கவேண்டியதும் சபை. இவற்றுள் எதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. அயலவரின் முகத்தை முறித்துக்கொள்ளும் துணிவு மட்டுமே வேண்டும். அத்துணிவு வாக்கைக் குறைக்கும் என்ற அச்சமே ‘அதிகாரமில்லை’ என்ற பேச்சின் உட்பொருளோ என ஐயுறவேண்டியுள்ளது.

நமது வேட்பாளர்கள் பெருமையுடன் தரும் வாக்குறுதிகளுள் ஒன்று சீமெந்து வெள்ள வாய்க்கால். 2008இல் நிஷா புயலின்போதும் 2020 டிசெம்பரில் புரேவியின்போதும் வீட்டுக்குள் வெள்ளம் நின்றதைக் கண்டவர்களுக்கு அவ்வாக்குறுதி இனிக்கும். ஆனால் வாய்க்காலின் முடிவு கடலாயின், மார்கழியிலே நாம் கடலுக்குத் தள்ளிவிட்ட நன்னீரையே ஆவணியிலே பவுசரில் ஏற்றிவந்து வரிசையில் நின்று வாங்குகின்றோம். முன்னோர் மழைநீரைக் குளத்திலே நிறுத்தினர். அது நிலத்துக்குள் இறங்கியது. குடாநாட்டிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டென்பது பலகாலும் கூறப்படும் கணக்கு. அவற்றுட் பல தூர்ந்தன, சில குப்பைமேடாயின, வேறு சில கட்டடங்களின் அடியிலே போயின. 2021இல் யாழ்ப்பாண மாநகர சபை ஆரியகுளத்தைப் புனரமைத்தது பாராட்டத்தக்கதே. அழகிய நடைபாதையும் மின்விளக்கும் நிழற்படத்துக்கு ஏற்றவை. எனினும் ஒரு குளத்தை அழகுபடுத்துவதும் நூறு குளங்களின் வரத்து வாய்க்கால்களைத் திறந்துவிடுவதும் ஒன்றல்ல. பின்னதற்குத் திறப்புவிழா இல்லை. நாடா வெட்ட இடமில்லை.

குப்பையின் கதையும் இதனோடு இணைந்ததே. மாநகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகக் கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வந்துள்ளது. கோடையிலே அது தீப்பற்றிப் புகைவதும் அயலிலுள்ளோர் மறியல் செய்வதும் பலமுறை நிகழ்ந்தவை. கொட்டும் சபை ஒன்று, புகையைச் சுவாசிப்போர் வாக்களிக்கும் சபை வேறொன்று. எனவே எவரும் எவருக்கும் பதில் கூறவேண்டியதில்லை. வழுக்கையாற்றுக்கும் இதுவே கதி. வலிகாமம் வடக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு என நான்கு பிரதேச சபைகளின் நிலங்கள் அதன் படுகையிலே அடங்குகின்றன. நீர் வட்டார எல்லையை அறியாது. வேட்பாளர் அதைத் தவிர வேறெதையும் அறிவதில்லை.

இனி, பெருந்திட்டங்களில் நம்பிக்கை வைப்போர். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலே முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தை மூன்று தலைமுறையாகப் பேசிவருகின்றோம். இரணைமடு நீரைக் கொணரும் யோசனை, கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பினால் நின்றது. அதன் பின்னர் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. நல்லது, குழாய் எட்டும் வீட்டுக்குக் குடிநீர் கிடைக்கும். ஆனால் அந்நீர் வெங்காயப் பாத்திக்குப் போகாது; நைத்திரேற்றைக் கழுவாது; ஏறிவரும் உவரைத் தாழ்த்தாது. மின்சாரத்தால் இயங்கும் ஆலையின் நீர் கிடைத்தபின் கிணற்றைக் கைவிடலாம் என்ற எண்ணம் வேரூன்றுமாயின், அது எண்ணெய்க் கசிவிலும் பெரிய அழிவாகும்.

மேலும், இது சமத்துவப் பிரச்சினையுமாகும். நன்னீர்க் கிணறு எல்லோருக்கும் ஒருபோதும் இருந்ததில்லை. சாதியின் பெயரால் ஊர்க் கிணற்றிலே அள்ளுதல் மறுக்கப்பட்டோர் இந்நாட்டிலே வாழ்ந்தனர். உவர்த்தரையிலும் கரையோரத்திலும் குடியிருப்போர் இன்றும் பொதுக்குழாயையும் பவுசரையுமே நம்பியுள்ளனர். உறுதியிலே ‘கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பங்கும்’ எழுதி வைத்த சமூகம், கிணற்றுக்கு அடியிலுள்ள நீரிலே காணியற்றவனுக்கும் பங்குண்டு என்பதை எழுதவில்லை. வசதியுள்ளவர் வடிகட்டிய நீரைப் போத்தலில் வாங்குகின்றனர். அவர்களுக்குக் கிணறு கெட்டது ஒரு செலவு மாத்திரமே. மற்றையோருக்கு அது குழந்தையின் உடல்நலம்.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாமும் குற்றமற்றவரல்லர். நிலத்தடி நீர் பற்றிய நமது ஆய்வேடுகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்திலேயே மதிப்பிடப்பட்டு, அலுமாரியிலே வைக்கப்படுகின்றன. சுன்னாகத்துத் தோட்டக்காரரோ, உடுவில் வட்டாரத்து உறுப்பினரோ அவற்றை வாசிக்க வழியில்லை. தம் பிரதேசத்துக் கிணறுகளின் நைத்திரேற்று அளவைத் தமிழில் ஒரு பக்கத்திலே எழுதிச் சபையின் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்கு எந்தப் பேரவையின் அனுமதியும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் கையிலுள்ளது. வழுக்கையாற்றுப் படுகையிலுள்ள நான்கு சபைகளும் கடந்த ஆண்டிலே எத்தனை மலக்குழிகளைப் பார்வையிட்டன, எத்தனை குளங்களைத் தூர்வாரின, அடுத்த பாதீட்டிலே அவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கின என்று நான்கு கடிதங்கள் எழுதலாம். வரும் விடைகளை இவ்விதழின் அடுத்த மலரிலே, உறுப்பினர் பெயர்களுடனும் அவர்கள் சார்ந்த கட்சிகளுடனும் அச்சிட ஆசிரியர் குழு இடந்தருமா என்று கேட்கின்றேன்.