படத்தோடு பெயரும் போகட்டும்



சென்ற இதழின் பின்னட்டையில் ஓர் அந்துப்பூச்சி ஓவியம் போட்டிருந்தோம். வழக்கமாக அட்டைப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. இந்த முறை கடிதங்களும் வந்தன, வாட்ஸ்அப்பிலும் செய்திகள் குவிந்தன. பலரும் கேட்டிருந்தது ஒரே கேள்வி: “இதை எங்கள் குழுவில் போடலாமா? காப்புரிமைப் பிரச்சினை வராதே?”

தாராளமாகப் போடலாம். வரைந்தவர்கள் காலமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஓவியம் இப்போது எல்லோருக்கும் பொது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, காசும் கட்ட வேண்டாம். எங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. படத்தை அனுப்பும்போது வரைந்தவர் பெயர், புத்தகத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இதற்கு ஏன் ஒரு முழுப் பக்கத்தைச் செலவழிக்கிறேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

பின்னட்டையில் பார்த்தது ஹாரியட் ஸ்காட், ஹெலினா ஸ்காட் என்ற அக்கா தங்கையின் கைவண்ணம். இவர்களுடைய தந்தை அலெக்சாண்டர் வாக்கர் ஸ்காட் 1800-இல் நம் பம்பாயில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் குடியேறி, நியூகாசில் நகருக்குப் பக்கத்தில், ஹன்டர் ஆற்றுக்குள் இருக்கும் ஆஷ் தீவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். பெண்கள் இருவரும் அங்கே புழுக்களைப் பிடித்து வந்து, அவை தின்னும் இலையைக் கொடுத்து வளர்த்து, கூடு கட்டுவதையும் கூட்டைவிட்டு வெளியேறுவதையும் காத்திருந்து பார்த்து வரைந்தார்கள். அதனால்தான் அவர்களுடைய ஒரே தாளில் புழு, கூட்டுப்புழு, இறகு விரித்த பூச்சி, அது அண்டி வாழும் செடி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. சில தாள்களில் பின்னணியில் மங்கலாக ஒரு சின்ன நிலக்காட்சியும் உண்டு. செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்து வரைகிறவருக்கு இந்த வரலாறு முழுதும் கிடைக்காது.

இந்த ஓவியங்கள் ஆஸ்திரேலியப் பூச்சிகளின் உருமாற்றத்தைப் பற்றிய புத்தகமாக 1864-இல் லண்டனில் வெளியாயின. தந்தை விளக்கம் எழுதினார். ஆனால் உயிருள்ளவற்றைப் பார்த்து வரைந்தவர்கள் ஹாரியட், ஹெலினா என்று முகப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. அப்போதே புத்தகம் கொடுத்த அந்த மரியாதையை இன்றைய ஃபார்வர்டுகள் பறித்துவிடுகின்றன. ‘அழகிய பழைய பட்டாம்பூச்சி’ என்ற ஒற்றை வரியோடு இந்த ஓவியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வரைந்தது அந்துப்பூச்சி என்பதுகூட அங்கே போய்விட்டது.

பெயர் எங்கே, எப்படித் தொலைகிறது என்று பார்க்க, பறவையியலாளர் ஜான் கூல்டின் பறவை ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஆஸ்திரேலியப் பறவைகள்’ என்ற அவருடைய பெருநூல் 1840 முதல் 1848 வரை பகுதி பகுதியாக வந்து ஏழு தொகுதிகளாக நிறைந்தது. பின்னால் வந்த துணைத் தொகுதியையும் சேர்த்தால் 681 ஓவியங்கள். அவற்றில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டுத் தாளின் அடி விளிம்புக்கு வாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில தாள்களில் இடப்பக்கம், இயற்கையைப் பார்த்து வரைந்து கல்லில் ஏற்றியவர்கள் ஜே. கூல்ட், இ. கூல்ட் என்று சொல்லும். வலப்பக்கம், அச்சிட்ட ஹல்மண்டல் அச்சகத்தின் பெயர் இருக்கும். அந்த ‘இ’தான் ஜானின் மனைவி எலிசபெத்.

எலிசபெத் தன் சின்னஞ்சிறு பிள்ளைகள் மூவரை இங்கிலாந்தில் விட்டுவிட்டு 1838-இல் கணவரோடு ஹோபார்ட் வந்து இறங்கியவர். அங்கேயே இன்னொரு குழந்தையைப் பெற்றெடுத்தார். கணவர் பறவை தேடிக் காடுகளுக்குப் போக, இவர் கிடைத்த பறவைகளையும் அவை அமரும் கிளைகளையும் வரைந்து தள்ளினார். 1840-இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு எட்டாவது பிரசவத்துக்குப் பின் இறந்தபோது வயது 37. அந்த நூலுக்காக அவர் முடித்திருந்தவை 84 ஓவியங்கள். மீதியில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஹென்றி கான்ஸ்டன்டைன் ரிக்டர் என்ற இளைஞர் செய்தார். இன்றும் பொதுவாக எல்லாவற்றையும் ‘கூல்ட் ஓவியம்’ என்றே சொல்கிறோம். எலிசபெத்தின் பங்குக்குச் சாட்சி அந்த அடிவரி. செல்பேசித் திரைக்குப் பொருத்தமாகப் படத்தை வெட்டும்போது முதலில் போவதும் அந்த அடிவரிதான்.

அடிவரியில் இடமே கிடைக்காதவர்களும் உண்டு. அந்தக் காலக் கல்லச்சில் பெரும்பாலும் வண்ணம் அச்சாகாது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் வரைவார்கள். கல்லை நனைத்து மை தடவினால் கோடுகளில் மட்டும் மை ஒட்டும். அதைத் தாளில் எடுத்தால் கறுப்புக் கோட்டுப் படம் கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். கூல்டின் ஏழு தொகுதிகளில் 600 ஓவியங்கள், ஏறத்தாழ 250 பிரதிகள். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை லட்சம் தாள்கள். கிளியின் ஒவ்வொரு சிறகுக்கும் பச்சை வைத்த அந்தக் கைகள் யாருடையவை என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. கூல்டுக்காக ஆஸ்திரேலியாவில் அலைந்து பறவைகளைச் சேகரித்த ஜான் கில்பர்ட் 1845-இல் லைக்ஹார்ட் என்ற ஆய்வுப் பயணியின் குழுவோடு வடக்கே சென்றபோது கொல்லப்பட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவில் நூங்கர் மக்களிடம் கேட்டு அவர் குறித்துவைத்த பறவைப் பெயர்கள் கூல்டின் நூலில் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது ஓவியத்தாளில் இல்லை, அதற்கு எதிரே உள்ள விளக்கப் பக்கத்தில். படத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் கில்பர்ட்டும் போவார், அவருக்குப் பெயர் சொல்லித்தந்தவர்களும் போவார்கள்.

பெயர் போனால் போகட்டும், படம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆண்டு தெரியாவிட்டால் படத்தை எந்த அளவுக்கு நம்புவது என்றே தெரியாது. 1799-இல் லண்டனில் ஜார்ஜ் ஷா வெளியிட்ட பிளாட்டிபஸ் படத்தைப் பாருங்கள். பட்டையாக, உயிரற்றுக் கிடக்கும். ஷாவின் கையில் இருந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த தோல். வாத்தின் அலகை வேறொரு பிராணியின் உடம்பில் ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்கே ஐயம் இருந்தது. அதற்கு முன்பே ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1770-களின் தொடக்கத்தில் கங்காருவை வரைந்தார். குதிரை வரைவதில் பெயர்பெற்ற அந்த மனிதர் கங்காருவை உயிரோடு பார்த்ததே இல்லை. குக்கின் கப்பலில் வந்த தோலை வைத்துத்தான் வரைந்தார். கங்காருவை அறிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் எங்கோ எலியின் சாயல் தட்டும். இவை தவறான படங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பா அந்த விலங்குகளை எந்த அளவுக்கு அறிந்திருந்தது என்பதற்கான ஆவணங்கள். ஆண்டு கூடவே வந்தால்தான் இப்படிப் படிக்க முடியும். ஆண்டில்லாமல் வந்தால் குழந்தை அதைத்தான் பிளாட்டிபஸ் என்று நம்பும். கணினியே ‘பழைய ஓவியம்’ தயாரித்துத் தரும் இந்த நாளில், உண்மையான பழசையும் நேற்றுச் செய்த போலியையும் பிரித்துக் காட்டுவதும் இந்த விவரங்கள்தான்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்தியூ ஃபிளின்டர்ஸின் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் 1801-இல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஓவியர் ஃபெர்டினாண்ட் பாயர், களத்தில் பென்சில் கோட்டோடு நிறுத்திக்கொள்வார். எந்த இடத்தில் எந்த நிறம் என்பதை எண்களாகக் குறித்துவைப்பார். பச்சை என்றால் ஒரு பச்சையல்ல. சாயலுக்கு ஓர் எண் வீதம் ஏறத்தாழ ஆயிரம் எண்கள் வரை அவர் கணக்கில் இருந்தன. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, அந்த எண்களைப் பார்த்துத்தான் கடல் டிராகன் மீனுக்கும் கோவாலாவுக்கும் வண்ணம் ஏற்றினார். அப்படிப்பட்ட ஒருவரின் ஓவியத்தை நாம் ‘பளிச்’சென்று இருக்கட்டும் என்று ஃபில்டர் போட்டு அனுப்பினால், அவர் பட்ட பாடு ஒரே தட்டலில் வீணாகிறது.

நிறம் அழகுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் 1844-இல் கில்பர்ட் சேகரித்த பாரடைஸ் கிளி இன்று இல்லை. உறுதியாகப் பார்க்கப்பட்ட கடைசி ஆண்டு 1927. உயிருள்ள அந்தக் கிளியின் ஒளிப்படங்கள் 1922-இல் எடுக்கப்பட்டவை, அவையும் கறுப்பு வெள்ளை. புல்விதை தின்று, கறையான் புற்றில் பொந்து குடைந்து முட்டையிட்ட அந்தப் பறவையின் சிவப்பையும் நீலப்பச்சையையும் அறிய, அருங்காட்சியகத்தில் இருக்கும் தோலும் பழைய ஓவியங்களும்தான் நமக்கு மிச்சம்.

டாஸ்மேனியப் புலி என்று சொல்லப்படும் தைலசினின் கதை இன்னும் தெரிந்த கதை. ரிக்டர் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்தவற்றைப் பார்த்து ஒரு ஜோடியை வரைந்தார். இந்த விலங்கு விரைவில் அருகிப்போகும் என்று கூல்ட் அப்போதே எழுதிவிட்டார். 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசு தலைக்கு ஒரு பவுண்டு பரிசு கொடுத்து அதைக் கொல்லச் சொன்னது. 1936 ஜூலையில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் கடைசித் தைலசின் செத்தது. அந்த நாளைத்தான் ஆஸ்திரேலியா அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்கான தேசிய நாளாக வைத்திருக்கிறது. ரிக்டரின் அந்த ஜோடியோ டாஸ்மேனியாவின் பீர் பாட்டில் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைத் திறப்பவர்களில் எத்தனை பேருக்கு ரிக்டரைத் தெரியும்?

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. பணக்காரர்களின் நூலகத்தில் பூட்டியிருந்த இந்தப் புத்தகங்கள் இப்போது நம் கையில் இருக்கும் செல்பேசியில் விரிகின்றன. உலகின் பெரிய இயற்கை வரலாற்று நூலகங்கள் சேர்ந்து 2006-இல் தொடங்கிய ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’யில் கோடிக்கணக்கான பக்கங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. ஃபிளிக்கர் தளத்தில் அதன் படங்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதன் ஆஸ்திரேலியப் பணியை மெல்பர்னில் உள்ள விக்டோரியா அருங்காட்சியகம் முன்னின்று நடத்துகிறது. அங்கே ஸ்கேன் செய்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தாள் கிழியாமல் வைத்து, படமெடுத்து, எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று பதிகிறார்கள். வேறு சிலர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஃபிளிக்கர் படங்களுக்கு உயிரினப் பெயரையும் ஓவியர் பெயரையும் குறித்துத் தருகிறார்கள். பழைய புத்தகத்தில் ஒரு விலங்கியல் பெயர் இருக்கும், இன்று அது மாறியிருக்கும். இரண்டையும் பொருத்துவதற்குப் பொறுமையும் வேண்டும், விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் சேர்க்கிற பக்கம், நாம் பெயர் வெட்டுகிற பக்கமாக இருக்கலாமா?

பெயரோடு வந்தால் பழைய ஓவியம் வேலையும் செய்யும். ஸ்காட் சகோதரிகள் வாழ்ந்த ஆஷ் தீவு பிற்காலத்தில் மேய்ச்சலுக்காகப் பெரும்பாலும் வெட்டவெளி ஆக்கப்பட்டது. 1990-களில் அந்த ஈரநிலத்தை மீட்கும் பணி தொடங்கியபோது, அங்கே முன்பு என்னென்ன மரம் செடிகள் நின்றன என்று அறிய அந்தப் பெண்களின் பதிவுகள் கைகொடுத்தன. எந்த இடம், எந்தக் காலம், யார் பார்த்தது என்ற விவரம் இல்லாதிருந்தால் அவை சுவரில் மாட்டும் அலங்காரமாக நின்றிருக்கும்.

ஆகவே நண்பர்களே, பகிரும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் மூலப் படத்தையே இறக்குங்கள். அடிவரியோடு முழுத்தாளும் கிடைக்கும், பெரிதாக்கினாலும் உடையாது. இரண்டு, ஓவியர், நூல், ஆண்டு மூன்றோடு படம் கிடைத்த நூலகத்தையும் ஒரே வரியில் படக்குறிப்பாகப் போடுங்கள். மூன்று, முடிந்தால் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் விளக்கத்தையும் புரட்டிப் பார்த்து, அதிலிருந்து ஒரு செய்தியைத் தமிழில் சொல்லுங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் காட்டுவதாக இருந்தால் இது இன்னும் நல்லது. படம் பார்த்து வாய் பிளக்கிற பிள்ளை, அடுத்த கேள்வியாக “இதை யார் வரைந்தது?” என்று கேட்கும்.

இந்த இதழ் முதல் பின்னட்டையை இதற்கே ஒதுக்குகிறோம். மாதம் ஓர் ஓவியம், அடிவரியோடு முழுத்தாளாக வரும். இந்த மாதம் ரிக்டரின் தைலசின்கள். உங்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். உங்கள் செல்பேசியில் பெயரில்லாமல் வந்து தங்கியிருக்கும் ஆஸ்திரேலியப் பறவையோ விலங்கோ ஒன்றை எடுங்கள். அதன் ஓவியரையும் நூலையும் தேடிப் பிடித்து எழுதி அனுப்புங்கள். கண்டுபிடித்த விதத்தையும் எழுதினால் சுவையாக இருக்கும். நல்லவற்றை, கண்டுபிடித்த உங்கள் பெயரையும் சேர்த்தே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்