சான்றிதழ்த் தேர்வுகளின் இரகசியக் காப்பு விதிகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கணினி வலையமைப்புப் பயிற்றுநர்கள் சங்கம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்,
சென்னை.

பொருள்: தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ்த் தேர்வுகளின் இரகசியக் காப்பு விதிகளை மாணவர்களுக்கு முன்கூட்டியே தமிழில் விளக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சிஸ்கோவின் சிசிஎன்ஏ, மைக்ரோசாஃப்ட் அஷூர், ரெட் ஹாட் முதலிய சான்றிதழ்களுக்காக எங்களிடம் படிக்கும் மாணவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் மட்டும் 300 அமெரிக்க டாலர். நகையை அடகு வைத்து அதைக் கட்டுகிற குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

தேர்வு தொடங்குமுன் திரையில் இரகசியக் காப்பு ஒப்பந்தம் வரும். ஏற்காவிட்டால் தேர்வு இல்லை; கட்டிய பணமும் போய்விடும். சட்ட ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தைப் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவர் படிப்பதில்லை, ஏற்கிறேன் என்று அழுத்திவிடுகிறார். தேர்வு முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததுமே அழைப்பு வருகிறது: "லேப் எத்தனை வந்துச்சு? என்னென்ன கேட்டாங்க?" குறிப்பெழுதத் தந்த பலகையைக்கூடத் தேர்வு மையம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆனால் நினைவில் இருப்பதை எல்லாம் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறார். அடுத்து எழுதப் போகும் நண்பனுக்கு உதவுவதாகவே நம்புகிறார். தேர்வு முடிவு செல்லாமல் போகலாம், வாங்கிய சான்றிதழ் பறிக்கப்படலாம், மறுபடி எழுத முடியாதபடி தடையும் வரலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விகளைத் திரட்டி 'டம்ப்ஸ்' என்று விற்பவருக்கோ எந்த இழப்பும் இல்லை.

அதற்காக மாணவர்களைப் பயமுறுத்தி வாயடைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. பாடத்திட்டத்தை நிறுவனங்களே வெளியிடுகின்றன. சிசிஎன்ஏவில் ஐபி இணைப்புக்கு 25 விழுக்காடு, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15 விழுக்காடு என்பது எவரும் பார்க்கக்கூடிய தகவல். சப்நெட்டிங் கணக்கைச் சொந்த எண்களில் போட்டுக் காட்டலாம், ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறை பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கலாம், எப்படித் தயாரானோம் என்றும் பேசலாம். தேர்வில் வந்த கேள்வி, விடைத் தெரிவுகள், லேப் அமைப்பு ஆகியவற்றை வெளியிடுவதுதான் தவறு. கேள்வியை மாற்றிச் சொன்னாலும், 'இது வந்தது' என்று கோடி காட்டினாலும் அதுவும் வெளியிடுவதுதான்.

ஆகவே, கழகத்தின் வழியாகப் பயிற்சி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரத்திலேயே இவ்விதிகளைத் தமிழில் அச்சிட்டுத் தந்து ஒரு வகுப்பில் விளக்க வேண்டும். தேர்வெழுதி வருபவரிடம் கேள்விகளைக் கேட்டு வாங்குவதும் டம்ப்ஸ் கொடுப்பதும் பயிற்சி மையங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் குற்றங்களாக ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து மையங்களை மதிப்பிடும் வழக்கமே இந்தக் குறுக்கு வழிக்குத் தூண்டுகோல் என்பது எங்கள் உறுதியான கருத்து; செய்முறைத் திறனையும் கணக்கில் எடுக்க வேண்டும். எதைப் பேசலாம் என்று ஐயம் வந்தால் மாணவர் கேட்டுத் தெளிய ஓர் அலுவலரையும் நியமிக்க வேண்டும்.

விளக்கக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரவும், வகுப்புகளை ஊதியமின்றி நடத்தவும் எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர். வரும் பயிற்சிப் பருவம் தொடங்குமுன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்