இல்லறப் பக்கம்: இடவப்பாதியும் ஊசி நூலும்



நம்மிற் பலருக்குச் சொந்த ஊரில் மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையுந்தான். திருவனந்தபுரத்திற்குக் குடிவந்த பிறகே, வைகாசியின் நடுவில் வானத்தை நோக்கி இடவப்பாதிக்குக் காத்திருக்கக் கற்றோம்.

அம்மழையின் அருமையை 2017-ஆம் ஆண்டுக் கோடை நன்கு உணர்த்திற்று. 2016-இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துலாவர்ஷமோ பாதியளவும் பெய்யவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என்று அரசு அறிவித்தது. மறு கோடையில் கரமனையாற்றுப் பேப்பாறை அணை வற்றத் தொடங்கவே, நெய்யாற்றுத் தேக்கத்தின் நீரைக் காப்புக்காட்டில் இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டு சேர்த்தனர். குடிக்கவும் சமைக்கவும் நீரை அளந்து செலவிட்ட நாட்களில், துணி துவைப்பது கடைசி வேலையாயிற்று. மே 30-ஆம் நாள் பருவமழை தொடங்கியபோது மகிழாத இல்லம் ஏது?

மழை வந்தால் வெளிவேலை குறையும். தையற்பெட்டியைத் திறக்க அதுவே தக்க பொழுது. கைத்தறித் துணியை வாங்கியவுடன் வெட்டுதல் கூடாது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே அளவெடுக்க வேண்டும். இல்லையேல் முதல் துவைப்பிலேயே ரவிக்கை சுருங்கிவிடும். இதற்குச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைநீர் மிக ஏற்றது. அதில் சோப்பும் நன்கு நுரைக்கும்.

நடுவில் நைந்த வேட்டியைக் கரித்துணியாக்கிவிட வேண்டாம். நீளவாக்கில் நடுவே இரண்டாகக் கிழித்து, நைந்த பகுதியை நீக்கி, கெட்டியான இரு கரைகளையும் நடுவில் சேர்த்துத் தையுங்கள். வெளி ஓரங்களை மடித்தடித்தால் குழந்தைக்கு நல்ல விரிப்பு ஆகும்.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை தைத்துக் குடும்ப வருவாய்க்குத் துணை செய்யும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்தால் பிறர் துணியில் இழை இழுத்துவிடும். ஆகையால் நாள்தோறும் தையல் மிஷினின் பஞ்சைத் துடைத்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு, உலர்ந்த துணியால் மூடி வையுங்கள்.

நமக்கு ஓய்வு தரும் இதே மழை, நெசவாளருக்கு வேலையை நிறுத்திவிடுகிறது என்பதையும் நினைக்க வேண்டும். நாகர்கோவில் வழியிலுள்ள பாலராமபுரத்தில், பாலராமவர்ம மன்னர் காலத்தில் (1798–1810) தமிழகப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவைத் தொடங்கினர். அவர்களும் நம்மைப் போல் வந்தேறியவர்களே! அங்குப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி ஏற்றி, தூரிகையால் நீவி உலர்த்துவது மரபு. மழை பெய்தால் தெருவில் பாவு விரிப்பது எவ்வாறு? பாவில்லாமல் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் கூலியும் இல்லை.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில், ஓணத்திற்கென நெய்து வைத்த துணிகள் சேற்றில் மூழ்கின. அன்பர் சிலர் அவற்றைத் தூய்மை செய்து, கையளவுத் துணிப் பொம்மைகளாக்கி, ‘சேக்குட்டி’ என்று பெயரிட்டனர். கறை நீங்காத புடவையும் நூற்றுக்கணக்கான பொம்மைகளாயிற்று. விற்ற பணம் நெசவாளருக்குச் சென்றது. பல ஊர்களில் தன்னார்வலர் கூடி அமர்ந்து இவற்றைச் செய்தனர்.

வரும் ஓணத்திற்குப் புடவையோ நேரியதோ வாங்கும்போது, கைத்தறியில் நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள். தைத்தபின் மிஞ்சும் துண்டுகளையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். அவற்றைக் கொண்டு தலையணை உறையும் பைகளும் தைக்கும் முறையை அடுத்த இதழில் காண்போம்.